மண்டபத்து வைஃபையும் பொன்னுசாமி அண்ணனின் மைக்கும்

என் ரூட்டரின் பாஸ்வேர்டு ஒலிபெருக்கியில் வந்தபோது நான் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன்.

“ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் கேட்டுக்குங்க. உள்ள டவர் கெடைக்க மாட்டேங்குதுன்னு நெறைய பேரு சொன்னீங்க. வெசனப்படாதீங்க. நம்ம வைஃபை ஒண்ணு இருக்குதுங்க. பேரு நந்தினி. பாஸ்வேர்டும் நந்தினிதானுங்க. சின்ன எழுத்து, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு. எல்லாரும் தாராளமா எடுத்துக்குங்க.”

“அட மாதாவே!” என்று கத்திவிட்டேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மண்டப மேனேஜர் ரவி பதறிப்போய், “ஷாக் அடிச்சிருச்சுங்களா?” என்றார்.

“அடிச்சிருச்சு. ஆனா கரண்ட் இல்ல” என்றேன்.

நெட்வொர்க் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கேப்டிவ் போர்ட்டலைத் தாண்டி ரூட்டரை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று எந்த வீடியோவைப் பார்த்தாலும் கற்றுக்கொள்ளலாம். பொன்னுசாமி அண்ணன் மாதிரி ஒருவரை எப்படித் தாண்டுவது என்று எந்த வீடியோவிலும் இல்லை.

1. டிவிக்கு விரல் கிடையாது

என் பெயர் ஸ்டெல்லா. கோயம்புத்தூரில் திருச்சி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் நெட்வொர்க் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கேபிள் இழுத்து இழுத்தே தலை நரைத்துவிட்டது. இப்போதும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ஆளு யாரும் இல்லீங்களா?” என்பார்கள். “அப்ப நான் யாரு, பேயா?” என்று கேட்பேன். கோபக்காரி என்று பெயர் வாங்கியாயிற்று. இருந்துவிட்டுப் போகட்டும்.

கார்த்தி அப்படிக் கேட்கவில்லை. நேராக வந்து, “அக்கா, ஒரு டிவியை வைஃபைல சேத்தோணுங்க” என்றான். சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பையன். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

“இதுக்கா சென்னிமலையில இருந்து இங்க வந்தீங்க?”

“ஆஸ்பத்திரிக்கு வந்தனுங்க. தங்கச்சி இங்கதான் இருக்கறா.”

தங்கச்சி பெயர் நந்தினி. அவளுக்கு ரத்தத்தில் நோய். கார்த்தியின் எலும்பு மஜ்ஜையை எடுத்துத்தான் அவளுக்கு ஏற்றியிருந்தார்கள். அது உடம்பில் ஒட்டும்வரை தனி அறை. வெளி ஆள் போகக் கூடாது, அவளும் வெளியே வரக் கூடாது. இதற்கு நடுவில் கார்த்தியின் கல்யாணம். ஒரு முறை தள்ளி வைத்தாயிற்று. மறுபடியும் தள்ளலாம் என்று இவன் சொன்னதற்கு நந்தினி சண்டைக்கு வந்துவிட்டாளாம். “என்னால உனக்குப் பாத்த புள்ளை காத்துக்கிட்டுக் கெடக்கறதா? நீ கல்யாணத்தை நிறுத்துனா நான் மாத்திரையை நிறுத்திருவேன்” என்றாளாம்.

ஆனால் இவனுக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் முதல் நாள் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவனுடைய உடன்பிறந்தவளும் சேர்ந்து நிற்கிற சீர். சேலையின் ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை அவள் பிடிப்பாள். கட்டிக்கொண்டு வருகிறவள் வந்தாலும் கூடப் பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்வதுதான் அது. உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா மகளை நிறுத்திக்கொள்ளலாம். இவர்கள் குடும்பத்திலும் கவிதா என்று ஒரு பெரியப்பா மகள் இருந்தாள்.

“கவிதா முனையைப் புடிச்சுக்கட்டுங்க. ஆனா என்ற பக்கத்துல நந்தினி நிக்கோணும். அவ பாக்காம நான் சீருக்கு நிக்க மாட்டேன்” என்றான் கார்த்தி.

“போன்ல வீடியோ கால் போட்டா ஆச்சே.”

“போன்னா என்ற கையில இருப்பா. நான் பக்கத்துல நிக்கோணும்னு சொல்றேன். பெரிய டிவியை நட்டமா நிறுத்தி, அதுல ஆளு ஒசரத்துக்கு அவ தெரியோணுங்க.”

எனக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போய்விட்டது. ஆனால் மண்டபத்தில் இருந்தது ஓடிபி கேட்கிற வைஃபை. சிக்னல் முழுதாகக் காட்டும், கனெக்டெட் என்றும் காட்டும், ஆனால் ஒன்றும் ஓடாது. முதலில் ஒரு பக்கம் திறக்கும். அதில் போன் நம்பரைப் போட்டு, வருகிற எண்ணைப் போட்டால்தான் நெட் வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அதேதான். அந்தப் பூசாரிக்குத்தான் கேப்டிவ் போர்ட்டல் என்று பெயர். இவர்களிடம் இருந்த டிவி பாக்ஸில் கேமராவும் வீடியோ காலும் இருந்தன, பிரவுசர் இல்லை. டிவிக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவும் தெரியாது, ஓடிபி தட்ட விரலும் கிடையாது.

அதற்கு நடுவில் ஒரு சின்ன ரூட்டர் வேண்டும். ரூட்டர் ஒரு பக்கம் மண்டபத்து வைஃபையைப் பிடிக்கும், மறு பக்கம் தன் சொந்த வைஃபையைக் கொடுக்கும். ரூட்டருக்குப் பின்னால் என் போனை வைத்துக்கொண்டு நான் ஓடிபி போட்டுவிட்டால், போர்ட்டலின் கணக்கில் உள்ளே வந்தது ரூட்டர். அதற்குப் பிறகு டிவியும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

“டிவியில வருவா. நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன்.

2. சொல்லட்டுங்களா?

மண்டபம் சென்னிமலை அடிவாரத்தில் ரோட்டோரம். புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு, மேலே தகரக் கூரை. உள்ளே கால் வைத்ததும் போனில் டவர் செத்துவிடும். இணைச்சீர் அன்று காலையிலேயே போய்விட்டேன்.

முதல் வேலை அனுமதி. இதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது. அடுத்தவர் வைஃபையில் கேட்காமல் ரூட்டரைச் சேர்ப்பது, அடுத்தவர் வீட்டுக் குழாயில் கேட்காமல் ஹோஸ் மாட்டுகிற மாதிரி. மேனேஜர் ரவி நல்ல மனிதர், ஆனால் கறார்.

“ரூட்டர் வெச்சுக்குங்க. ஆனா எங்க பெட்டியைத் தொறக்கக் கூடாதுங்க. போர்ட்டல் பாக்கறது வேற கம்பெனி, எனக்கே உள்ள போகத் தெரியாது. அப்பறம், ஒரு நம்பருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டான்னு அளவு இருக்குது. ஒரு வீடியோ காலுக்கு அது தாராளமாப் போதுங்க.”

“உங்க பெட்டி எனக்கு வேண்டாங்க. விருந்தாளி மாதிரி முன் வாசல்லயே வாரேன்.”

சோப்புக்கட்டி அளவில் இருந்த ரூட்டரை ரிப்பீட்டர் மோடில் போட்டு, மண்டபத்து வைஃபையைப் பிடிக்க வைத்தேன். என் பக்கத்து வைஃபைக்கு நந்தினி என்று பெயர் வைத்தேன். டிவி ரிமோட்டில் எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும், வீட்டு ஆட்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று பாஸ்வேர்டையும் சுலபமாக வைத்தேன்.

போனை ரூட்டரில் சேர்த்தேன். போர்ட்டல் பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ரூட்டரே சரியில்லை என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். ரூட்டர் மேல் குற்றம் இல்லை. என் போனில் பிரைவேட் டிஎன்எஸ் ஆனில் இருந்தது. அது போர்ட்டல் காட்டுகிற வழியைக் கேட்காமல் தன் வழியிலேயே போகும். அதை அணைத்தேன். ரூட்டரில் டிஎன்எஸ் ரீபைண்ட் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கும், அது போர்ட்டல் பக்கத்தைத் திருடன் என்று நினைத்துத் தடுக்கும், அதையும் அந்த நேரத்துக்கு அணைத்தேன். அப்புறம் பிரவுசரில் மண்டபத்து வைஃபையின் வாசல் முகவரியை, கேட்வே ஐபியை, நேராகத் தட்டினேன். பூசாரி எழுந்து வந்தார். “வணக்கம், உங்கள் மொபைல் எண்” என்று பக்கம் திறந்தது.

கார்த்தியின் அப்பா பொன்னுசாமி அண்ணனின் நம்பரைப் போட்டோம். ஓடிபி உள்ளே வராது, கேட்டுக்குப் பக்கத்தில்தான் டவர். அண்ணன் போனோடு கேட்டில் நின்றார். அங்கிருந்து கத்தினால் உள்ளே கேட்காது. ஆனால் கேட்டை ஒட்டியிருந்த வரவேற்பு மேஜையில், விருந்தினரை வரவேற்க ஒரு மைக் இருந்தது. “இதுலயே சொல்லிடறேனுங்க அம்மணி” என்றார். பேங்க் ஓடிபியை அப்படிச் செய்தால் உதைப்பேன். இது மண்டபத்து வைஃபை, மண்டபத்தில் சமையல்காரர்களைத் தவிர ஆளும் இல்லை. சரி என்றேன்.

பட்டனை அமுக்கினேன். திரையில் நேரம் ஓட ஆரம்பித்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

“அம்மணி, வணக்கமுங்க. வந்துருச்சுங்க.”

காத்திருந்தேன்.

“சொல்லட்டுங்களா?”

“சொல்லுங்க!” என்று இங்கிருந்து கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை.

“அம்மணி, சொல்லட்டுங்களான்னு கேட்டனுங்க.”

கார்த்தி கேட்டுக்கு ஓடினான். அவன் போய்ச் சேர்ந்து கையசைத்த பிறகு அண்ணன் ஆரம்பித்தார். “மொதல்ல நாலுங்க. அதுக்கு அடுத்தாப்புல ஏழுங்க. அப்பறம் பாத்தீங்கன்னா, ரெண்டுங்க.” மிச்சம் வருவதற்குள் ஓடிபி செத்துப்போயிற்று. மரியாதைக்குக் காலம் ஒதுக்கி எந்தக் கம்பெனியும் ஓடிபி அனுப்புவதில்லை. இரண்டாவது தடவை நானே கேட்டுக்குப் போய் அவரிடம், “அண்ணா, ங்க போடாம வெறும் நம்பர் மட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு அது பெரிய மரியாதைக் குறைவாகத்தான் பட்டது. இருந்தாலும் சொன்னார். உள்ளே போய்விட்டோம்.

டிவியை நந்தினி வைஃபையில் சேர்த்து, மேடையில் நட்டமாக நிறுத்தி, ஒத்திகைக்கு ஒரு கால் போட்டோம். ஆஸ்பத்திரி அறையில் டேப்லெட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். மெலிந்த முகம், மாஸ்க், தலையில் பச்சைத் துணித் தொப்பி. கண் மட்டும் துறுதுறு என்று இருந்தது.

“அக்கா, என்னைய ரொம்ப ஒசரமா வெச்சுட்டீங்க. நான் எங்கண்ணனை விடக் குட்டைங்க” என்றாள்.

கார்த்தி சிரித்தான். கடைக்கு வந்த நாளிலிருந்து அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். டிவியை இறக்கினோம். அவன் தோளுக்கு அவள் தலை வருகிற மாதிரி நிறுத்திய பிறகுதான், “ஆங், இப்பச் சரி” என்றாள். பின்னால் இருந்த நர்ஸ், “சாயங்காலம் ஏழு மணி வரைக்கும்தான். அப்புறம் மருந்து ஏத்தணும், டேப்லெட்டை எடுத்துருவேன்” என்று சொல்லிவிட்டார். சீர் ஆறரைக்கு. போதும் என்று கணக்குப் போட்டேன்.

3. கேட்டவருக்கு இல்லையென்று எப்படி?

சாயங்காலம் கூட்டம் சேர ஆரம்பித்தது. மனித உடம்பு நிறைந்தால் வைஃபை சிக்னல் குறையும், உடம்பில் இருப்பது முக்கால்வாசி தண்ணீர்தானே. அதனால் ரூட்டரைக் கூட்டத்தின் தலைக்கு மேலே ஏற்றிவிடலாம் என்று ஏணி கேட்டு, தூணின் உச்சியில் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அறிவிப்பு.

மைக்கைக் கையில் வாங்கியவர் காலையிலிருந்து விடவே இல்லை போலிருக்கிறது. தாராபுரத்துச் சம்பந்தி வகையறா யாரோ, “என்னங்க, நெட்டு வரமாட்டேங்குது” என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஏணியில் நின்றபடியே போனில் ரூட்டர் பக்கத்தைத் திறந்தேன். சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியல் கண்ணெதிரே நீண்டுகொண்டே போனது. சாப்பாட்டுக் கூடத்தில் ரீல்ஸ் சத்தம் கேட்டது. யாரோ துபாய்க்கு வீடியோ காலில் பந்தியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் போனிலும் நாள் முழுக்கத் தேங்கிக் கிடந்த போட்டோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே ஏற ஆரம்பித்தன. போர்ட்டலுக்கு இவ்வளவு பேர் தெரியாது. அதன் கணக்கில் ரூட்டர் ஒற்றை ஆள். அந்த ஒற்றை ஆளுக்குக் கொடுத்த அளவை ஊரே சேர்ந்து குடித்துக்கொண்டிருந்தது.

இறங்கி, பாஸ்வேர்டை மாற்றப் போனால் அந்தப் பக்கமே திறக்க மறுத்தது, அவ்வளவு நெரிசல். ஒருவழியாக மாற்றி, எல்லாரையும் வெளியே தள்ளி, புதுப் பாஸ்வேர்டை டிவியிலும் போட்டேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. டிவியில் நந்தினி வர வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. என் போனில் போர்ட்டல் பக்கம் வந்து, “இந்த எண்ணுக்கான இன்றைய அளவு முடிந்தது. நன்றி” என்றது. நன்றியாம்.

பொன்னுசாமி அண்ணனைத் தேடிப் போனேன். கோபத்தில் எனக்கு ங்க எல்லாம் வரவில்லை.

“அண்ணா, யாரைக் கேட்டு மைக்கில சொன்னீங்க?”

“ஒறம்பரை கேட்டாங்கம்மணி. ஊட்டு விசேசத்துக்கு வந்தவங்க வாய் விட்டுக் கேட்டா, எப்படி இல்லைங்கறது?”

“ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு அள்ளிக் குடுத்திருக்கீங்க. இப்ப அந்த நம்பருக்கு டேட்டா முடிஞ்சு போச்சு. நந்தினி வர மாட்டா.”

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரை அவருக்கு இரண்டும் ஒன்று என்றே தெரியாது. வைஃபை வேறு, மகள் வேறு என்றுதான் நினைத்திருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ற புள்ளைக்கு வெச்சிருந்ததையா நான் எடுத்து எல்லாருக்கும் குடுத்துபோட்டேன்?”

என் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. அழுகிற மனிதரைத் திட்ட எனக்கு வராது. ஆனால் அழுதுகொண்டு நிற்கவும் நேரம் இல்லை. மணி ஆறரை தாண்டியிருந்தது. மேடையில் கார்த்தி வேட்டி கட்டி, மாலை போட்டு, வட்டம் சுற்றுகிற டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கவிதா சேலை முனையோடு காத்திருந்தாள். சீர் நடத்திவைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். அவர் என்னைப் பார்த்து, “ஏனுங்கம்மணி, ஆரம்பிச்சறலாங்களா?” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க. அவ வருவா.”

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

4. தாராபுரத்து அத்தையின் பட்டன் போன்

வழி சுலபம். வேறு ஒரு நம்பரில் உள்ளே வர வேண்டும். ரவியிடம் கேட்டேன். “வேற நம்பருன்னா அதுக்குத் தனி அளவுங்க. தாராளமா வாங்க” என்றார். ரவியின் நம்பரைப் போட்டேன், அவர் கேட்டுக்கு ஓடினார். ஓடிபி வரவில்லை. கார்த்தியின் மாமா நம்பரைப் போட்டோம், வரவில்லை. என் நம்பரும் அப்படியே. காலையில் ஆள் இல்லாத கேட்டில் டவர் இருந்தது. இப்போது ஊரே அங்கே நின்று போன் பேசிக்கொண்டிருந்தது, மெசேஜ் நுழைய இடம் இல்லை. போர்ட்டல் கம்பெனிக்கு ரவி மண்டபத்து லேண்ட்லைனில் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“போன்லயாவது காட்டிரலாங்களா?” என்றார் ரவி.

“போன்லயும் இதே ஓடிபிதானுங்களே வேணும். டிவியில வருவான்னு சொன்னேன். டிவியிலதான் வருவா.”

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். “ஆமா கண்ணு, பந்தி ஆரம்பிச்சிருச்சு. இல்ல, இன்னும் சீரு ஆகல. நெட்டு போச்சுதாமா. என்ன எழவோ.”

திரும்பிப் பார்த்தேன். கார்த்தியின் அத்தை, தாராபுரத்தில் வாக்கப்பட்டவர். கையில் ஒரு பழைய பட்டன் போன். மண்டபத்தின் நட்ட நடுவில், டவரே கிடையாத அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எங்கள் எல்லாருடைய சிம்மும் ஒரு பக்கம், அவருடைய பழைய சிம் வேறு கம்பெனி. பழைய போன் பிடிப்பது பழைய டவர். அந்த அலை சுவரைத் துளைத்துக்கொண்டு வரும், அதில் இப்போது கூட்டமும் கிடையாது.

“அத்தை, போனை வெச்சுட்டு உங்க நம்பரைச் சொல்லுங்க.”

“எதுக்குங்க? பேங்க்குல பணம் போயிராதுங்களே?”

கோயம்புத்தூரில் எவ்வளவோ படித்தவர்களிடம் இந்த ஒரு கேள்வி வராதா என்று ஏங்கியிருக்கிறேன். “போகாதுங்க. வர்ற மெசேஜை நீங்களே படிங்க, வைஃபைன்னு இருந்தா மட்டும் எனக்குக் காட்டுங்க” என்றேன். நம்பரைச் சொன்னார். பட்டனை அமுக்கினேன். அவர் கையில் போன் கீ என்று கத்தியது. அங்கேயே, உள்ளேயே.

போனைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எண்ணைத் தட்டினேன். பக்கம் பச்சையாக மாறியது. டிவியில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது.

படம் வந்தது, ஆனால் கட்டம் கட்டமாக உடைந்தது. வெளியே தள்ளப்பட்ட போன்கள் எல்லாம் பழைய பாஸ்வேர்டோடு ரூட்டரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தன. இன்னொரு பக்கம் ஆட்கள் பொன்னுசாமி அண்ணனைச் சூழ்ந்துகொண்டு, “நெட்டு போயிருச்சுங்க”, “பாஸ்வேர்டு தப்புங்குது” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். யாரும் சொல்லாமல் தானே மைக்கைக் கையில் எடுத்தார்.

“ஒறம்பரை மன்னிக்கோணுங்க. அந்த வைஃபையை நாந்தான் குடுத்தேன். இப்ப நானே இல்லைங்கறேன். குடுத்ததைத் திருப்பிக் கேக்கற பழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க. ஆனா அது எங்க நந்தினி வர்ற வழிங்க. அந்தப் புள்ளை ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டு இருக்கறா. சித்த நேரம் எல்லாரும் போன்ல வைஃபையை அணைச்சுப் போடுங்க.”

பந்தியில் இருந்தவர்கள் இடது கையால் போனை எடுத்து அணைப்பதைப் பார்த்தேன். கதவைத் தட்டிக்கொண்டிருந்த போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. திரையில் இருந்த கட்டங்கள் கரைந்து, பச்சைத் தொப்பியும் அந்த இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிந்தன.

“அப்பா, நீங்க பேசுனது இங்க வரைக்கும் கேட்டுது” என்றாள் நந்தினி. “மைக்கை வெச்சுட்டு வாங்க.”

மண்டபமே சிரித்தது. சிரித்துக்கொண்டே பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான், எனக்கென்ன வெட்கம்?

அருமைக்காரர் சேலையை விரித்தார். ஒரு முனையைக் கார்த்தியிடம் கொடுத்தார். மறுமுனையைக் கவிதாவிடம் கொடுக்கப் போனவர், கையை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, உனக்குப் பதிலா கவிதா புடிக்கட்டுமா? நீ சொன்னாத்தான்.”

நந்தினி குனிந்தாள். தன்மேல் போர்த்தியிருந்த ஆஸ்பத்திரிப் போர்வையின் முனையைத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் கேமராவுக்கு நேராக நீட்டினாள்.

“கவிதா அங்க புடிக்கட்டுங்க. நான் இங்க புடிச்சுக்கிட்டேன். அண்ணா, அந்த முனையை உட்டுறாத.”

“உட மாட்டேன்” என்றான் கார்த்தி. சேலை முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். சீர் முடிகிறவரை அவள் அந்தப் போர்வை முனையை இறக்கவே இல்லை. ஏழு மணிக்கு மேல் ஆகியும் நர்ஸ் டேப்லெட்டை எடுக்கவில்லை. திரையின் ஓரத்தில் அவர் கை தெரிந்தது, டேப்லெட் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

5. மாற்ற முடிந்தது எது?

இந்தக் கதையைச் சொன்னால் சின்னப் பையன்கள், “பாஸ்வேர்டைக் கஷ்டமா வெச்சிருக்கலாமே அக்கா” என்பார்கள். வைத்திருக்கலாம். அண்ணன் அதையும் எழுத்து எழுத்தாக மைக்கில் படித்திருப்பார், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ங்க போட்டு.

ஒரு இடத்துக்கு வேலைக்குப் போனால் சிக்னலை மட்டும் பார்க்காதீர்கள், மனிதர்களையும் பாருங்கள். அந்த வீட்டில் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவரைத் திருத்த முயற்சி செய்யாதீர்கள், அது நம் வேலையும் இல்லை, நடக்கவும் நடக்காது. ரூட்டரில் இரண்டு வைஃபை வையுங்கள். ஒன்று ஊருக்கு, வேகத்தைக் கட்டி வைத்தது. இன்னொன்று காரியத்துக்கு, அதன் பெயரே வெளியில் தெரியக் கூடாது. அடுத்த நாள் முகூர்த்தத்துக்கு அப்படித்தான் வைத்தேன். தாலி கட்டுகிறவரை நந்தினி ஒரு நொடி கூட அறுபடாமல் பார்த்தாள்.

சில மாதம் கழித்து நந்தினியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. “அக்கா, எங்க ஊட்டு வைஃபை இழுத்துக்கிட்டே கெடக்குதுங்க. ஒருக்கா வந்து பாக்கறீங்களா?”

சென்னிமலைக்குப் போனேன். கேட்டைத் திறந்தது அவள்தான். மாஸ்க் போட்டிருந்தாள், தலையில் குட்டை முடி முளைத்திருந்தது. உண்மையாகவே கார்த்தியின் தோளுக்குத்தான் இருப்பாள் போலிருக்கிறது. ரூட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எதிர் டீக்கடை, பக்கத்துத் தறிக்காரர்கள், கூரியர்காரர் என்று தெருவே உள்ளே இருந்தது.

“அப்பாவா?” என்றேன்.

“வேற யாருங்க?” என்றாள்.

இரண்டு வைஃபை வைத்தேன். ஊருக்கு வைத்ததற்குப் பொன்னுசாமி என்றே பெயர் போட்டேன். அண்ணனுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், மெதுவாக என் பக்கம் குனிந்து கேட்டார்.

“அம்மணி, அந்த இன்னொண்ணுக்குப் பாஸ்வேர்டு என்னங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து நந்தினியின் குரல் வந்தது.

“இல்லீங்கப்பா.”

இல்லையென்று சொல்ல அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. இனி எனக்கு அங்கே வேலை இல்லை என்று பையைத் தூக்கிக்கொண்டேன்.